தண்ணீரைக் குறைத்துச் சாணத்தில் அடுப்பெரிக்க: மலையகத்தில் மாடு வளர்ப்போருக்கு

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு)ப் பின்னால், சாணத்திலிருந்து அடுப்பெரிக்கும் உயிர்வாயு (பயோகாஸ்) எடுக்கும் தொட்டி கட்டிய முதல் வருடம், மேசன் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். ஒரு வாளி சாணத்துக்கு ஒரு வாளி தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலியோ லயத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் மாட்டுக்கும் தூக்கியது போக, தொட்டிக்கென்று இன்னும் மூன்று நடை. "இந்தத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டினால் பாலாவது கூடும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். தை மாதம் வந்து பனி இறங்கியதும் அடுப்பில் சுடர் சுருங்கிக்கொண்டே போய் ஒரு காலையில் அணைந்தே விட்டது. அம்மா மறுபடியும் விறகுக்கு மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) பொறுக்கப் போனார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நம்முடைய குளிருக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது. மாடு போட்ட உடனே சாணத்தின் சூடு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ். பீலித் தண்ணீர் 15 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபாதி கலந்தால் கலவை 26 பாகைக்கு இறங்கிவிடும். நான்கு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால் 33 பாகையில் நிற்கும். சாணத்தைத் தின்று வாயு தரும் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூடு 35 பாகை. 15 பாகைக்குக் கீழே அவை மந்தமாகிவிடும். 10 பாகைக்குக் கீழே அநேகமாக உறங்கிவிடும். தொட்டிக்குள் ஊற்றும் ஒவ்வொரு வாளிப் பச்சைத் தண்ணீரும் அவற்றின் சூட்டைத் திருடுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரை தண்ணீர் இல்லாத வீட்டுக்கு மட்டும் எழுதியதல்ல. பீலியில் வருடம் முழுதும் தண்ணீர் கொட்டினாலும், மலையில் இருக்கிறவர்கள் தண்ணீரைக் குறைத்தே கரைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கு

புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதி 18 சதவீதம் அளவில் திடப்பொருள். சரிக்குச் சரி தண்ணீர் ஊற்றினால் திடப்பொருள் 9 சதவீதமாகிவிடும். நான்குக்கு ஒன்று என்றால் 14 சதவீதம். வாயு வருவது திடப்பொருளிலிருந்துதான். தண்ணீர் அது ஓடுவதற்கும் நுண்ணுயிர் அதில் பரவுவதற்கும் மட்டுமே வேண்டும்.

கொட்டகையில் கட்டிப்போட்டு வளர்க்கும் நடுத்தர மாடு ஒன்றிலிருந்து நாளுக்குக் குறைந்தது 12 கிலோ சாணம் எடுக்கலாம். இரண்டு மாடு என்றால் 24 கிலோ. ஒரு கிலோவுக்கு 30 லீற்றர் வாயு என்று அடக்கமாகவே கணக்கிட்டால் 720 லீற்றர். வீட்டு அடுப்பு ஒன்று மணிக்கு 300 லீற்றர் அளவில் தின்னும். காலையில் தேநீரும் ரொட்டியும், மாலையில் சோறும் ஒரு கறியும் செய்ய அது போதும். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் வெயில் காலத்தில் இந்தக் கணக்கு சரியாக வரும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். அந்தப் பக்கத்திலும் அம்பேவல பக்கத்திலும் இருப்பவர்கள் பாதியை எதிர்பார்த்தால் ஏமாற மாட்டார்கள். மூன்று நான்கு மாடு இல்லாமல் அங்கே இறங்க வேண்டாம்.

இனித் தொட்டியின் அளவு. கண்டிப் பக்கத்துச் சூட்டில் சாணம் 50 நாள் தொட்டியில் கிடந்தால் போதும். ஹட்டன் உயரத்தில் 80 நாளாவது வேண்டும். 24 கிலோ சாணமும் 6 லீற்றர் தண்ணீரும் சேர்ந்து நாளுக்கு 30 லீற்றர். 80 நாளுக்கு 2,400 லீற்றர். வாயு தங்கும் இடத்தையும் சேர்த்து 4 கன மீற்றர் தொட்டி கட்டினால் தாராளம். சரிக்குச் சரி தண்ணீர் என்றால் சாணக் கரைசலுக்கு மட்டுமே 3,840 லீற்றர் இடம் வேண்டும். குழி பெரிதாகும், செங்கல் கூடும், சீமெந்து கூடும். தண்ணீரில் மிச்சம் பிடிப்பது கட்டுமானச் செலவிலும் மிச்சமாகிறது.

இடம் பார்த்தல்

லயத்து நிலம் நம் பெயரில் இல்லை. அதனால் மண்வெட்டியைத் தொடும் முன்னர் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்ச் சொல்லை நம்பிக் குழி வெட்டிய பிறகு துரை மாறிப்போனால் பதில் சொல்ல ஆளிருக்காது.

அடுத்தது சரிவு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களையே மூடியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. வெட்டிய மண்மேட்டின் விளிம்பிலும், லயத்துக்கு நேர் மேலேயும், ஊற்றுக் கசியும் இடத்திலும் குழி தோண்டாதீர்கள். மண்சரிவு அபாயப் பகுதி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் காட்டிய இடத்தில் இருப்பவர்கள் அவர்களைக் கேட்காமல் எதையும் வெட்டக் கூடாது.

இவை இரண்டும் சரியென்றால், காலை வெயில் விழும் இடமாகப் பாருங்கள். சவுக்கு மர நிழலில் தொட்டி கட்டினால் வருடம் முழுவதும் அது குளிர்ந்தே கிடக்கும். மாட்டுக் கொட்டகை மேலே, தொட்டி அதற்கு ஒட்டினாற்போல் கீழே, அதற்கும் கீழே மரக்கறித் தோட்டம். இந்த ஒழுங்கில் அமைந்தால் சாணமும் உரமும் தாமாக இறங்கும், சுமப்பது மிச்சம். குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள்.

தொட்டி

பொலித்தீன் பைத் தொட்டி மலிவு. ஆனால் கெட்டிச் சாணத்துக்கு அது ஒத்து வராது, நடுவில் அடைத்துக்கொள்ளும். நிலத்துக்குள் புதைந்த, குவிந்த கூரையுள்ள செங்கல் தொட்டியையே நான் சொல்வேன். அதைக் கட்ட, ஏற்கெனவே ஒன்றாவது கட்டிப் பழகிய மேசன் வேண்டும். குவிந்த கூரையின் உட்பூச்சில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் வாயு தங்காது. உங்கள் பகுதி கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் விசாரித்தால் யார் வீட்டில் தொட்டி ஓடுகிறது, யார் கட்டினார்கள் என்று அறியலாம். போய்ப் பார்த்து, அந்த அடுப்பு எரிவதைக் கண்ட பிறகு ஆளைப் பேசுங்கள்.

மேசனிடம் மூன்று மாற்றங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். சாணம் இறங்கும் குழாய் வழக்கமான நான்கு அங்குலமாக இருக்கக் கூடாது. எட்டு அங்குல பீ.வீ.சி. குழாயாவது வேண்டும். அது வளைவில்லாமல், செங்குத்துக்குக் கிட்டிய சரிவில் இறங்க வேண்டும். முழங்கை வளைவு ஒன்று போட்டாலும் கெட்டிச் சாணம் அதில் உட்கார்ந்துவிடும். மூன்றாவது, சாணம் வெளியேறும் வாய் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கரைசலுக்கு அளவெடுத்த வாயில் இது பிதுங்கி வராது.

தொட்டியைச் சோதிக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். அதற்குப் பீலியில் சுமந்தால் முதுகு முறிந்துவிடும். மழைக்கு முன் கட்டி முடித்துவிட்டால் கூரைத் தண்ணீரையே திருப்பிவிடலாம். 40 சதுர மீற்றர் தகரக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,000 லீற்றர். ஹட்டன் பக்கத்தில் வைகாசி, ஆனியில் இதற்கு அதிக நாள் காத்திருக்கத் தேவையில்லை. பதுளைப் பக்கத்தார் மார்கழி மழையை நம்பலாம். நிரப்பிய தண்ணீர் முதல் நாள் சுவரில் ஊறிச் சற்று இறங்கும். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. குவிகூரையில் வாயு கசிகிறதா என்பதை மேசன் தனியாக அழுத்தம் வைத்துக் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் கடைசிக் கூலியைக் கொடுக்க வேண்டாம்.

மழையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்ட தொட்டிகளில் பாதி கெட்டது இதனால்தான். அளந்து அளந்து தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். ஆனால் கரைக்கும் தொட்டிக்கும் வெளிவாய்க்கும் மூடி இருக்காது. ஒரே இரவு மழையில் ஒரு மாத அளவுத் தண்ணீர் உள்ளே போய்விடும். இரண்டுக்கும் மேல் தகரம் போடுங்கள். தொட்டியைச் சுற்றி, தேயிலை மலையில் வெட்டுவதுபோலவே கான் (வடிகால்) வெட்டி மேல் வெள்ளத்தைத் திருப்பிவிடுங்கள். கொட்டகை கழுவும் தண்ணீரும் தொட்டிக்கு வரக் கூடாது. முதலில் சாணத்தை அள்ளிவிட்டு, பிறகு கழுவி, அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு விட வேண்டும்.

முதல் நிரப்பு

முதல் தடவை மட்டும் சரிக்குச் சரி தண்ணீர் ஊற்றுங்கள். நுண்ணுயிர் இன்னும் பெருகாத நேரத்தில் கெட்டியாகத் திணித்தால் தொட்டி புளித்துவிடும். சோதனைக்கு நிரப்பிய மழைத்தண்ணீரில் 1,200 லீற்றரை உள்ளேயே விட்டுவைத்தால் வேலை பாதியாகும். சாணம் 1,200 கிலோ வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது 50 நாள் சேமிப்பு. அடுத்த லயத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் சேர்த்துவிடுவது நல்லது. சேர்க்கும் சாணத்தைப் பொலித்தீனால் மூடிவையுங்கள், காய்ந்த சாணம் உதவாது. ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து நாலைந்து வாளிக் கரைசல் கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் அது.

பிறகு மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம் குளிரில் 30 நாளும் ஆகலாம், 60 நாளும் ஆகலாம். முதலில் வரும் வாயு எரியாது. அதில் காபனீரொட்சைட்டும் தொட்டிக்குள் இருந்த காற்றுமே அதிகம். உயிர்வாயுவில் எரியும் பகுதியான மெதேன் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று தடவை நிரம்பிய வாயுவை வெளியே, நெருப்பு அண்டாத இடத்தில் திறந்துவிட்டுவிடுங்கள். எரிகிறதா என்று பார்க்கத் தொட்டியின் வாயிலோ குழாய் முனையிலோ தீக்குச்சி கிழிக்கவே கூடாது. அடுப்பில் மட்டும்தான் பற்றவைக்க வேண்டும்.

அன்றாடம் கரைத்தல்

வாயு எரியத் தொடங்கிய முதல் மாதம் சரிக்குச் சரி. இரண்டாம் மாதம் இரண்டு வாளி சாணத்துக்கு ஒரு வாளி. மூன்றாம் மாதத்திலிருந்து நான்குக்கு ஒன்று. இப்படிப் படிப்படியாகத்தான் கெட்டியாக்க வேண்டும்.

காலையில் பால் கறந்து முடித்த கையோடு, சாணத்தில் ஆவி பறக்கும்போதே அள்ளிவிட வேண்டும். மத்தியானம் வரை கிடந்தால் அந்தச் சூடு போய்விடும். அள்ளும்போது மண் சேரக் கூடாது. மண் தொட்டியின் அடியில் தங்கி, வருடக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்ளும். கொட்டகையில் சீமெந்துத் தரை இல்லாதவர்கள் மாடு நிற்கும் இடத்தில் பலகைக் கல்லாவது பதியுங்கள். கினிப்புல், மானாப்புல் தண்டுகளைக் கையால் பொறுக்கிவிடுங்கள். விரல் நீளத் தண்டு நாலைந்து குறுக்கே விழுந்தால் குழாய் அடைபடும்.

தண்ணீருக்குப் பதிலாக நான் ஊற்றுவது பெரும்பாலும் மூன்று. அரிசி கழுவிய தண்ணீர், தொட்டியின் வெளிவாயில் மேலே தெளிந்து நிற்கும் கரைசல், கொஞ்சம் மாட்டு மூத்திரம். வெளிவாய்க் கரைசலில் நுண்ணுயிர் நிறைந்திருக்கிறது, அதனால் அது தண்ணீரைவிட மேல். ஆனாலும் பாதிக்குப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையே திரும்பத் திரும்ப ஊற்றினால் அமோனியா ஏறிவிடும். விடியற்காலையில் அடைத்துக் கிடந்த கொட்டகையைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்த நெடி வெளிவாயில் அடித்தால் இரண்டு வாரத்துக்கு நல்ல தண்ணீருக்கு மாறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில், முதல் நாளே கறுப்பு பிளாஸ்டிக் கேனில் பிடித்து வெயிலில் வைத்துவிட்டால் குளிர் முறியும்.

பதம் பார்க்க அளவுகோல் வேண்டாம், கை போதும். கரைத்ததில் ஒரு கை அள்ளி உள்ளங்கையைச் சாய்த்துப் பாருங்கள். தோசை மாவு போல விரலிடுக்கில் ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது. சாய்த்தும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குரக்கன் களி போல, கட்டியாக ஆனால் வழுக்கிக்கொண்டு விழ வேண்டும். அதுதான் பதம். மழைநாளில் இளம்புல் தின்ற மாட்டின் சாணம் தானே இளகி வரும். அன்றைக்குத் தண்ணீரே தேவையில்லை. அதனால்தான் நான்குக்கு ஒன்று என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காமல் கையை நம்பச் சொல்கிறேன்.

கெட்டியான கலவை தானே இறங்காது. நீளமான கம்பின் முனையில் வட்டப் பலகை ஒன்றை அடித்து உலக்கை போல வைத்துக்கொண்டு, ஊற்றிய பிறகு இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். உள்ளே போன அளவு வெளிவாயில் வர வேண்டும். வராவிட்டால் அன்றே கவனியுங்கள்.

தொட்டிக்குள் போகக் கூடாதவை: சவர்க்காரத் தண்ணீர், பினாயில், மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டிருந்தால் அந்த நாட்களின் சாணம். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து நம் நுண்ணுயிரையும் கொல்லும். எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று ஊசி போட்ட கால்நடை வைத்தியரிடமே கேளுங்கள்.

அடுப்படி

வாயுவில் ஈரம் உண்டு. குளிர்ந்த குழாயில் அது தண்ணீராகித் தாழ்ந்த இடத்தில் தங்கும். மலைச் சரிவில் குழாய் ஏறி இறங்கிப் போவதால் இந்தத் தொல்லை நமக்கு அதிகம். குழாயின் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு வடிகுழாயும் வால்வும் வைத்து, வாரம் ஒருமுறை திறந்து வடித்துவிடுங்கள். சுடர் படபடவென்று துடித்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

கடையில் வாங்கும் சாதாரண காஸ் அடுப்பின் துவாரம் உயிர்வாயுவுக்குச் சிறியது. உயிர்வாயுவுக்கென்று செய்த அடுப்பு வாங்குங்கள், அல்லது தெரிந்தவரைக் கொண்டு துவாரத்தைப் பெரிதாக்குங்கள். சுடர் நீலமாக, அடுப்பை ஒட்டி எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்றுத் துளையைச் சற்றுத் திறவுங்கள். அடுப்பை விட்டு எழும்பி அணைந்தால் சற்று மூடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டால் வருவது. துருப்பிடித்த இரும்பு நார் அடைத்த ஒரு குழாய்த் துண்டை வழியில் பொருத்தினால் அது பிடித்துக்கொள்ளும். சமையலறையில் திடீரென்று அந்த நாற்றம் அடித்தால் கதவைத் திறந்து, வால்வை மூடி, சவர்க்கார நுரை பூசிக் கசிவைத் தேடுங்கள். நெருப்பைக் காட்டித் தேடாதீர்கள்.

விறகடுப்பை இடித்துவிட வேண்டாம். தை, மாசியில் வாயு குறையத்தான் செய்யும். தொட்டியின் மேல் காய்ந்த மானாப்புல்லை இரண்டடி உயரத்துக்குக் குவித்து, அதன் மேல் பொலித்தீன் விரித்துக் கல் வைத்தால் இரவுக் குளிர் அவ்வளவு இறங்காது. நாங்கள் கெட்டியாகக் கரைக்கத் தொடங்கி, புல்லும் மூடிய தை மாதத்தில் காலைச் சமையலுக்கு வாயு போதுமாக இருந்தது. மாலைக்கு மட்டும் மிலாறு எரித்தோம். 2022இல் சமையல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றபோதும் அம்மா தேநீர் போடத் தவறவில்லை.

புளித்துப் போனால்

வாயு நிரம்பியும் எரியவில்லை, வெளிவாயில் புளித்த வாடை வருகிறது என்றால் தீனி அதிகமாகிவிட்டது. சாணம் போடுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். விறகடுப்புச் சாம்பலை ஒரு சிரட்டை எடுத்துத் தண்ணீரில் கலக்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.

அடைப்பு என்றால் வெளியே நின்று நீளக் கம்பால் குத்தி இளக்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒட்சிசன் கிடையாது. ஐதரசன் சல்பைட்டு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். பிள்ளைகள் ஏறி விளையாடாதபடி வாய்களைப் பாரமான மூடியால் மூடிவையுங்கள்.

வெளியே வரும் கரைசல்

2021இல் இரசாயன உரம் தடைபட்டு, லீக்ஸ், கோவாப் பாத்திகள் மஞ்சளித்து நின்றபோதுதான் இதன் அருமை பலருக்குத் தெரிந்தது. கெட்டியாகக் கரைத்த தொட்டியிலிருந்து வருவதை உரச் சாக்கில் கட்டி முதுகில் சுமந்து மலையேற்றலாம். வெயிலில் காயப்போட்டால் தழைச்சத்து பறந்துவிடும். கூரைக்குக் கீழே, காய்ந்த புல்லோடு அடுக்கடுக்காகப் போட்டுவைத்து, பாத்தியில் மண்ணோடு கொத்திவிடுங்கள். கரட், லீக்ஸ் போன்றவற்றை அறுப்பதற்கு நெருக்கத்தில் இதை மேலே ஊற்ற வேண்டாம்.

மழைக்காலம் தொடங்கும் முன்னர் ஒரு நாள், வெளிவாயிலிருந்து கான் வழியே கீழ் லயம் வரை நடந்து பாருங்கள். கரைசல் தப்பி ஓடினால் எந்த ஓடையில் விழும், அந்த ஓடைத் தண்ணீர் யாருடைய பீலிக்குப் போகிறது என்று பார்த்து, அதற்கு முன்னாலேயே ஒரு குழி வெட்டி மறித்துவிடுங்கள்.